நண்பர்களுடன் ஜுவாராவுக்கு: அமைதியான கடற்கரை கேட்கும் ஆயத்தம்

தேர்வு முடிந்த மறுநாளே வாட்ஸ்அப்பில் ஒரு குழு பிறந்துவிடும். ‘தியோமான் போறோம்’ என்று பெயர் வைத்து, நான்கைந்து பேரைச் சேர்த்து, தென்னை மரமும் நீலக் கடலுமாக ஒரு படத்தை முகப்பில் போட்டாயிற்று. முதல் நாள் நூறு செய்திகள் வரும். படகுச் சீட்டை யார் எடுப்பது என்ற கேள்வி எழுந்ததும் குழு மௌனமாகிவிடும்.

பல பயணத் திட்டங்கள் அந்த இடத்தோடு முடிந்துவிடுகின்றன. அதைத் தாண்டிப் புறப்படும் இளையர்களுக்கோ வேறொரு சிக்கல். ‘கூட்டம் இல்லாத கடற்கரை’ என்று தேடிப் போகிறார்கள். அங்கே கூட்டம் ஏன் இல்லை என்று யோசிப்பதில்லை.

ஓர் இடம் அமைதியாக இருக்கிறது என்றால், அங்கே பல வசதிகள் இல்லை என்றும் பொருள். நேரடிப் படகு இல்லை. பணப்பொறி இல்லை. கைப்பேசிக்கு எல்லா இடத்திலும் தொடர்பு இல்லை. கூப்பிட்ட குரலுக்கு உயிர்காப்பாளர் இல்லை. அங்கே இல்லாத இவற்றையெல்லாம் போகிறவர்களே தங்களுக்குள் பகிர்ந்து சுமக்க வேண்டும். சிலவற்றை முதுகுப்பையில் அடக்கலாம். சிலவற்றைப் புறப்படும் முன் மனம் திறந்து பேசித்தான் பெற முடியும்.

சிங்கப்பூரிலிருந்தும் ஜோகூரிலிருந்தும் ஒரே நாளில் போய்ச் சேரக்கூடிய ஜுவாரா இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு.

மலைக்கு அந்தப் பக்கம்

தியோமான் தீவு தென்சீனக் கடலில், தீபகற்ப மலேசியாவின் கிழக்குக் கரைக்கு அப்பால் இருக்கிறது. படகு ஏறும் மெர்சிங் ஜோகூர் மாநிலத்தில் இருந்தாலும் தீவு பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது. சீனாவிலிருந்து சிங்கப்பூர் இளவரசனை மணக்கப் பறந்து வந்த நாக இளவரசி, இந்தக் கடலின் அழகில் மயங்கி இங்கேயே தங்கித் தீவாகிவிட்டாள் என்பது மலாய் மக்களிடையே வழங்கும் கதை.

தீவின் நடுவே காடடர்ந்த மலைகள் முதுகெலும்பு போல் நிற்கின்றன. ஆக உயரமான காஜாங் மலை 1,000 மீட்டருக்கும் சற்று அதிகம். கெந்திங், பாயா, தெக்கெக், ஆயர் பாத்தாங், சாலாங் ஆகிய கம்பங்கள் எல்லாம் தீபகற்பத்தைப் பார்த்த மேற்குக் கரையில் வரிசையாக உள்ளன. மெர்சிங் படகு அந்த வரிசையில் நின்று நின்று ஆட்களை இறக்கிச் செல்லும்.

ஜுவாரா மலைக்கு அந்தப் பக்கம், கிழக்குக் கரையில் தனியாக இருக்கிறது. வழக்கமான படகுகள் அங்கே போவதில்லை. தெக்கெக்கில் இறங்கி, மலையைக் கடக்கும் செங்குத்தான சிமெண்டுச் சாலையில் நான்கு சக்கர இயக்க வண்டியில் போக வேண்டும். இல்லாவிட்டால் சுமார் 7 கிலோமீட்டர் காட்டுப்பாதையில் நடக்க வேண்டும். பையோடு நடப்பவர்களுக்கு இரண்டு முதல் மூன்று மணி நேரம் ஆகும்.

அந்த ஒரு மலைதான் ஜுவாராவின் அமைதிக்குக் காவல். அவசரம் என்று வரும்போது உதவிக்கும் நமக்கும் இடையே நிற்பதும் அதே மலைதான். தீவின் சுகாதார மருந்தகம், காவல் நிலையம், பணப்பொறி எல்லாம் தெக்கெக் பக்கத்தில் இருக்கின்றன. முழு வசதி கொண்ட மருத்துவமனை வேண்டுமானால் கடலையும் கடந்தாக வேண்டும்.

நீண்ட விடுமுறையும் வடகிழக்குக் காற்றும்

நண்பர்கள் முதலில் முடிவுசெய்ய வேண்டியது தேதி. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். சிங்கப்பூரில் ஆக நீண்ட பள்ளி விடுமுறை நவம்பர் பிற்பகுதியில் தொடங்கி டிசம்பர் முழுவதும் நீள்கிறது. தீபாவளி விடுப்பை ஒட்டி இரண்டு நாள் சேர்த்து எடுக்கலாம் என்றும் சிலர் கணக்குப் போடுவார்கள். தியோமான் கடல் முகம் மாறும் காலமும் அதுதான்.

தமிழ்நாட்டுக்கு ஐப்பசி, கார்த்திகையில் மழை கொண்டுவரும் அதே வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலிலும் வீசுகிறது. மலேசியாவின் கிழக்குக் கரையில் அதன் ஆட்சி பொதுவாக நவம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் வரை. பரந்த கடல்மீது காற்று தடையின்றி நெடுந்தூரம் வீசினால் அலை பெரிதாகும். ஜுவாராவின் கரை அந்தத் திறந்த கடலை நேராகப் பார்த்தபடி இருக்கிறது. அலைச்சறுக்கு வீரர்கள் அந்த மாதங்களில் ஜுவாராவைத் தேடி வருவதற்குக் காரணம் இதுவே. நீந்துபவருக்கும் முக்குளிப்பவருக்கும் அதே அலை ஆபத்து.

இந்த மாதங்களில் தங்குமிடங்கள் பல மூடப்படும். படகுச் சேவை குறையும், சில நாள் அடியோடு நிற்கும். தீவுக்குள் போய்விட்டுத் திரும்ப முடியாமல் காத்திருக்க நேரிடலாம்.

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை பெரும்பாலும் கடல் அமைதியாக இருக்கும். சிங்கப்பூர் மாணவர்களுக்கு ஜூன் விடுமுறை தோதானது. ஆனால் அந்த நேரத்தில் வண்டிக்கும் அறைக்கும் போட்டி இருக்கும். வேலைக்குப் போகும் நண்பர்கள் ஜூலை, ஆகஸ்ட்டில் பொது விடுமுறை இல்லாத ஒரு வாரத்தின் நடுநாள்களைத் தேர்ந்தெடுத்தால் செலவும் குறையும், கூட்டமும் குறையும்.

மெர்சிங் ஆறும் அமாவாசையும்

ஜோகூர் பாருவின் லார்க்கின் முனையத்திலிருந்து மெர்சிங்குக்குப் பேருந்தில் சுமார் இரண்டரை மணி நேரம். சிங்கப்பூரிலிருந்து புறப்படுபவர்கள் அதோடு உட்லண்ட்ஸ் நெரிசலையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். வெள்ளிக்கிழமை மாலையில் கடற்பாலத்தைக் கடக்க எவ்வளவு நேரமாகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. முதல் நாள் இரவே மெர்சிங்கிற்குப் போய்த் தங்கிவிட்டு, காலைப் படகைப் பிடிப்பது நிம்மதி.

மெர்சிங் படகுக்கு நிலையான கால அட்டவணை இல்லாதது புதியவர்களுக்கு விந்தையாக இருக்கும். இன்று காலை 7 மணிக்குப் புறப்படும் படகு, அடுத்த வாரம் நண்பகலில் புறப்படலாம். படகுத்துறை ஆற்றின் முகத்துவாரத்தில் இருப்பதே காரணம். கடல் வற்றும் நேரத்தில் அங்கே ஆழம் போதாமல் பெரிய படகு தரைதட்டும். நீர் ஏறிய பிறகே அது வெளியேற முடியும். ஏற்றமும் வற்றமும் நாளுக்கு நாள் தள்ளிப்போவதால் படகு நேரமும் தள்ளிப்போகிறது.

வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டி இதற்கு ஓரளவு கைகொடுக்கும். சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று இழுக்கும் அமாவாசை, பௌர்ணமி நாள்களை ஒட்டிக் கடலின் ஏற்றமும் வற்றமும் பொதுவாகக் கூடுதலாக இருக்கும். அந்த நாள்களில் படகு நேரத்தை இரண்டு முறை சரிபார்ப்பது நல்லது. மெர்சிங் நேரம் ஒத்துவராவிட்டால், அதற்கு வடக்கே பகாங் எல்லைக்குள் உள்ள தஞ்சோங் கெமோக் படகுத்துறையிலிருந்தும் தியோமானுக்குப் படகு உண்டு.

கடல்வழி சுமார் இரண்டு மணி நேரம். வாந்தி வரும் வழக்கம் உள்ளவர் படகு ஏறும் முன்பே மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டும். தலைசுற்றல் தொடங்கிய பிறகு போட்டால் பலன் குறைவு. படகின் பின்பகுதியில், நடுவாக உட்கார்ந்தால் குலுங்கல் குறையும். உயிர்காப்பு அங்கி எங்கே இருக்கிறது என்று உட்கார்ந்ததும் பார்த்துவைப்பது நல்ல பழக்கம்.

கடப்பிதழிலும் கவனம் வேண்டும். சிங்கப்பூர் நண்பர் குழு என்றால் எல்லாரும் சிங்கப்பூரர்களாக இருப்பதில்லை. இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசியோ வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவரோ கூட வரலாம். மலேசியா 2024ஆம் ஆண்டு முதல் பெரும்பாலான வெளிநாட்டவரிடம் மின்னிலக்க வருகை அட்டையைக் கேட்கிறது. சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. இந்தியர்களுக்கான 30 நாள் விசா விலக்கு 2023 டிசம்பரில் தொடங்கியது. அது நடப்பில் உள்ளதா என்று புறப்படும் முன் பார்த்துக்கொள்ள வேண்டும். சோதனைச்சாவடியில் ஒருவர் நின்றுவிட்டால் மற்ற நால்வரின் படகும் போய்விடும்.

முதுகில் எவ்வளவு சுமை

முதுகுப்பைப் பயணத்தில் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று வைக்கும் ஒவ்வொரு பொருளும் காட்டுப்பாதையில் ஒரு கிலோவாகக் கனக்கும். மூன்று, நான்கு நாளுக்கு 40 லிட்டர் பை தாராளம். தண்ணீரோடு சேர்த்து 8 கிலோவுக்குள் அடக்கிவிட்டால் நடை சுலபம்.

துணி குறைவாகவும் சீக்கிரம் காயக்கூடியதாகவும் இருக்கட்டும். கனமான ஜீன்ஸ் நனைந்தால் அந்த ஈரக் காற்றில் மறுநாளும் காயாது. நீந்தும்போது நீண்ட கைச்சட்டை அணிந்தால் வெயிலும் தாக்காது, சொறிமீன் இழைகளும் அவ்வளவாகப் படாது. ரப்பர் செருப்போடு, பிடிமானமுள்ள ஒரு காலணியும் வேண்டும். மழை பெய்த காட்டில் வேர்கள் சோப்புபோல் வழுக்கும்.

எல்லாரும் எல்லாவற்றையும் தூக்க வேண்டியதில்லை என்பதே நண்பர்களோடு போவதன் லாபம். ஒருவரிடம் முதலுதவிப் பெட்டி, ஒருவரிடம் மின்னூட்டிகள், ஒருவரிடம் நீர்புகாப் பையும் கயிறும் என்று பிரித்துக்கொள்ளலாம். அவரவர் சொந்த மருந்து மட்டும் அவரவரிடமே இருக்க வேண்டும். இழுப்பு நோய் உள்ளவரின் மருந்துக்குழல் எந்தப் பையில், எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மற்ற எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வாமை, வலிப்பு, நீரிழிவு போன்றவற்றை நண்பர்களிடம் சொல்லத் தயங்குபவர் உண்டு. மருத்துவமனை கடலுக்கு அக்கரையில் இருக்கும் இடத்துக்கு அந்தத் தயக்கத்தைக் கொண்டுபோகக் கூடாது.

‘எனக்கு நீந்தத் தெரியாது’

இந்தப் பயணத்தில் ஆக முக்கியமான வாக்கியம் இதுதான். பலர் சொல்லத் தயங்குவதும் இதையே.

நான்கு பேர் ஓடிப்போய்க் கடலில் விழும்போது, ஐந்தாமவர் கரையில் நிற்க வெட்கப்படுகிறார். இடுப்பளவு தண்ணீர்தானே என்று இறங்குகிறார். ‘வாடா, ஒண்ணும் ஆகாது’ என்று ஒருவர் கையைப் பிடித்து இழுக்கிறார். இழுப்பவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை. அவருக்கு விஷயமே தெரியாது.

சிங்கப்பூரில் 2010ஆம் ஆண்டு அறிமுகமான ‘சுவிம்சேஃபர்’ திட்டத்தின் வழியாகத் தொடக்கப்பள்ளியில் நீச்சல் பழகியவர்கள் இன்றைய இளையர்களில் நிறைய இருக்கிறார்கள். ஆயினும் நீச்சல் குளமும் கடலும் ஒன்றல்ல. குளத்தில் அடி தெரியும், சுவர் எட்டும், தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும். கடலில் இந்த மூன்றும் இல்லை. குளத்தில் 50 மீட்டர் நீந்துபவர் கடலில் 50 மீட்டர் நீந்துவார் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஆகவே புறப்படும் முன்பே குழுவில் ஒரு சுற்றுக் கேள்வி வைக்கலாம். யாருக்கு நீந்தத் தெரியாது? யாருக்குக் குளத்தில் மட்டும் தெரியும்? யார் கடலில் பழகியவர்? நன்றாக நீந்துபவரே முதலில் தம் நிலையைச் சொன்னால் மற்றவர்கள் சொல்வது எளிதாகும். ‘நான் கடலில் கொஞ்சம் பயப்படுவேன்’ என்று அவர் எழுதிவிட்டால், பின்னால் வருபவருக்கு வெட்கம் குறையும். நீந்தத் தெரியாதவர் கரையிலேயே இருக்க வேண்டும் என்றில்லை. மிதவை அங்கி அணிந்துகொண்டு, கால் எட்டும் ஆழத்தில், துணையோடு அவரும் மீன் பார்க்கலாம்.

அமைதியாகத் தெரியும் தண்ணீர்

கடலில் இழுத்துச் செல்லும் நீரோட்டம் எப்படி உருவாகிறது என்பதைக் கடலில் இறங்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். அலைகள் தண்ணீரைக் கரைக்குத் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. அந்தத் தண்ணீர் எப்படியாவது கடலுக்குத் திரும்ப வேண்டும். மணல் திட்டுகளுக்கு இடையே ஆழமான ஒரு வழி கிடைத்தால் அதன் வழியாக வேகமாகப் பாய்ந்து திரும்புகிறது. பாறை முனைகளை ஒட்டியும் இவ்வாறு நடக்கும். கடுமையான ஓட்டத்தில் அதன் வேகம் தேர்ந்த நீச்சல் வீரரின் வேகத்தையும் மிஞ்சும்.

கண்ணை ஏமாற்றுவதுதான் இதில் ஆபத்து. அந்த வழியில் ஆழம் அதிகம் என்பதால் அலை உடைவது குறைவு. இருபுறமும் வெண்நுரை பொங்க, நடுவே ஒரு பட்டை மட்டும் கருமையாக, அமைதியாகத் தெரியும். புதியவர் ‘இங்கேதான் அலை இல்லை’ என்று அங்கேயே இறங்குவார்.

சிக்கிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது. அந்த ஓட்டம் ஆளை வெளியே இழுக்குமே தவிர, அடியில் அமுக்காது. களைப்புதான் மூழ்கடிக்கிறது. மல்லாந்து மிதந்து, மூச்சைச் சீராக்கி, கையைத் தூக்கி உதவி கேட்க வேண்டும். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி ஓட்டத்தைவிட்டு விலகிய பிறகு, அலையோடு சேர்ந்து கரைக்குத் திரும்பலாம்.

மூழ்குபவர் திரைப்படத்தில் வருவதுபோல் கூச்சல் போடுவதில்லை. வாய் நீர்மட்டத்துக்கு மேலே வரும் கண நேரத்தில் மூச்சுவிடவே அவருக்கு முடியாது. கத்த எங்கே முடியும்? தலை பின்னால் சாய்ந்து, கைகள் தண்ணீரைக் கீழே அழுத்த, சத்தமில்லாமல் ஒரே இடத்தில் நிமிர்ந்து தத்தளிப்பார். பத்து மீட்டரில் நிற்கும் நண்பருக்கு அது விளையாட்டாகத் தெரியலாம். ‘என்னடா, சரியா இருக்கியா?’ என்று கேட்டு, பதில் வரவில்லை என்றால் அதையே ஆபத்து என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

அப்போதும் வெறுங்கையோடு பாய்ந்து போகக் கூடாது. தவிப்பவர் காப்பாற்ற வந்தவரைப் பற்றி அழுத்துவார், இருவரும் மூழ்குவார்கள். மிதவை அங்கி, காலி நீர்க்கலன், மூடி இறுக்கிய பெரிய போத்தல், கயிறு என மிதப்பதையோ எட்டுவதையோ வீச வேண்டும். அதனால்தான் எப்போதும் ஒருவராவது கரையில் இருப்பது நல்லது. முறைவைத்து அரைமணிக்கு ஒருவர் என மாற்றிக்கொண்டால் யாருக்கும் இழப்பில்லை.

பழகியவர்களுக்கும் இந்தக் கடல் சலுகை காட்டுவதில்லை. 2022 ஏப்ரலில் மெர்சிங்குக்கு அப்பால் தோக்கோங் சாங்கோல் தீவருகே முக்குளிக்க இறங்கிய நான்கு பேர் மேலே வந்தபோது படகைக் காணவில்லை. ஓட்டம் அவர்களை இழுத்துச் சென்றது. பயிற்றுநர் மறுநாள் மீட்கப்பட்டார். இருவர் இரண்டு நாளுக்கு மேல் மிதந்து உயிர் பிழைத்தனர். 14 வயது நெதர்லாந்துச் சிறுவன் உயிரிழந்தான்.

தியோமான் தீர்வையற்ற தீவு. மது மலிவாகக் கிடைக்கும். குடித்துவிட்டு இரவில் கடலில் இறங்குவதில்லை என்று குழு முன்கூட்டியே முடிவுசெய்துகொள்ள வேண்டும். அந்த நேரத்தில் எடுக்கும் முடிவை நம்ப முடியாது.

கொட்டினால், கடித்தால்

மலேசியக் கடல்களில் பெட்டி வடிவச் சொறிமீன்கள் உண்டு. கண்ணாடிபோல் இருப்பதால் நீரில் தெரியாது. இழை பட்டால் சாட்டையால் அடித்ததுபோல் கோடு விழும். உடனே நீரைவிட்டு வெளியே வந்து, பட்ட இடத்தில் வினிகரை தாராளமாக ஊற்ற வேண்டும். இன்னும் வெடிக்காமல் தோலில் ஒட்டியிருக்கும் நச்சு அணுக்களை அது அடக்கும். தேய்ப்பதும், நல்ல தண்ணீரால் கழுவுவதும், மணலைப் பூசுவதும் நஞ்சைக் கூடுதலாக இறக்கிவிடும். மூச்சுத்திணறல், நெஞ்சு வலி, மயக்கம் வந்தால் 999 எண்ணை அழைத்து, உடனே மருந்தகத்துக்குப் புறப்பட வேண்டும். ஒரு சிறிய போத்தல் வினிகர் சமையல்கட்டிலிருந்தே எடுத்துப் போகலாம்.

கண்ணுக்குத் தெரியாத மணல் ஈக்கள் கடித்த தடம் மறுநாள்தான் அரிக்கும். சொறிந்தால் புண்ணாகும். வெறும் மணலில் படுக்காமல் துணி விரித்துக்கொள்வதும், மாலையில் காலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வதும் ஓரளவு காக்கும். குரங்குகள் பையின் ‘ஜிப்’பைத் திறக்கப் பழகியவை. உணவை அறைக்கு வெளியே வைத்தால் அது அவற்றுக்குத்தான்.

அங்கே குடியிருப்பவை

தியோமானைச் சுற்றியுள்ள கடல் 1994ஆம் ஆண்டில் கடற்பூங்காவாக அறிவிக்கப்பட்டது. மீன்பிடிக்கவோ, பவளத்தையும் சிப்பியையும் எடுக்கவோ அங்கே அனுமதி இல்லை. நுழைபவர்களிடம் பாதுகாப்புக் கட்டணம் வசூலிக்கிறார்கள். மலேசியர்களுக்குக் குறைவு, வெளிநாட்டவருக்குக் கூடுதல்.

பவளம் பாறைபோல் தெரிந்தாலும் உயிருள்ள சிற்றுயிர்களின் கூட்டம். உருண்டையான பெரிய பவளங்கள் பல ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர்கூட வளராதவை. முகமூடியைச் சரிசெய்ய ஒருவர் அதன்மீது காலூன்றினால், அவர் பிறப்பதற்கு முன் தொடங்கிய வளர்ச்சி ஒரு கணத்தில் நொறுங்கும். 2010ஆம் ஆண்டு கடல் சூடேறிப் பவளங்கள் வெளிறியபோது, தியோமானிலும் சில முக்குளிப்பு இடங்களைத் தற்காலிகமாக மூட வேண்டியதாயிற்று.

ஜுவாரா கடற்கரைக்கு ஆமைகள் முட்டையிட வருகின்றன. பெரும்பாலும் மார்ச் முதல் அக்டோபர் வரை, இரவில் வரும். பச்சை ஆமை ஒரு முறைக்கு நூறு முட்டை அளவில் இடும். குஞ்சு பொரிய ஏறத்தாழ இரண்டு மாதமாகும். மணல் சூடாக இருந்தால் பெண் குஞ்சுகள் அதிகம், குளிர்ந்திருந்தால் ஆண் குஞ்சுகள் அதிகம். தென்புறத்தில் உள்ள மெந்தாவாக் விரிகுடாவில் இயங்கும் ஜுவாரா ஆமைத் திட்டத்தினர் முட்டைகளைத் திருட்டிலிருந்தும் விலங்குகளிடமிருந்தும் காப்பாற்றிப் பொரிக்க வைக்கிறார்கள். பயணிகள் அங்கே போய்ப் பார்க்கலாம், தொண்டூழியமும் செய்யலாம்.

பொரிந்த குஞ்சு கடலின் மெல்லிய வெளிச்சத்தை நோக்கி ஓடும். கரையில் விளக்கு எரிந்தால் திசை தவறிக் காட்டுப்பக்கம் போய்ச் சாகும். முட்டையிட வந்த தாய் ஆமை கைவிளக்கைக் கண்டால் இடாமலே திரும்பிவிடக்கூடும். இரவில் கடற்கரையில் கூடி அமரும் நண்பர்கள் விளக்கை அணைத்துவிட்டால் ஆமைக்கும் நல்லது, நட்சத்திரமும் நன்றாகத் தெரியும்.

சோறும் காசும்

ஜுவாராவின் சிறு கடைகளில் ரொட்டி சானாய், நாசி கோரெங், மீன் எல்லாம் கிடைக்கும். சைவ நண்பருக்குத்தான் சோதனை. ‘சாயூர்’ என்று கேட்டால் காய்கறி வரும். ஆனால் கங்கோங் பிரட்டலிலும் சம்பாலிலும் பெலாச்சான் கலந்திருப்பது வழக்கம். ‘பெலாச்சான் வேண்டாம், மீன் வேண்டாம், முட்டையும் வேண்டாம்’ என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். புரட்டாசி விரதம் இருப்பவர்கள் செப்டம்பர் பயணத்துக்கு அவல், கடலை, ஊறுகாய், உடனடி உப்புமா என ஏதாவது கையில் வைத்துக்கொள்வது நல்லது.

பணத்தை ரிங்கிட் ரொக்கமாக, போதுமான அளவு எடுத்துப் போக வேண்டும். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பணப்பொறியை நம்பிப் போகக் கூடாது. நண்பர்களுக்கிடையே மனக்கசப்பு வருவது பெரும்பாலும் பெரிய தொகையால் அல்ல. ‘அன்றைக்கு நான்தானே வண்டிக்குக் கொடுத்தேன்’ என்ற சின்னக் கணக்குகளால். எல்லாரும் ஒரே தொகையைப் பொதுப்பையில் போட்டு, சாப்பாடு, வண்டி, படகு எல்லாவற்றுக்கும் அதிலிருந்து கொடுத்து, அன்றன்று எழுதிவைத்தால் திரும்பும்போது நட்பு முழுசாக இருக்கும்.

திட்டத்தைக் குழுவில் ஆகக் குறைவாகச் செலவுசெய்ய முடிந்தவரின் அளவுக்குப் போட வேண்டும். வேலை பார்ப்பவருக்கு எளிதான தொகை, படித்துக்கொண்டே பகுதிநேரமாக உழைப்பவருக்கு ஒரு மாதச் செலவாக இருக்கலாம். அவர் அதைச் சொல்லாமல், ‘எனக்கு வேலை இருக்கு, நீங்க போயிட்டு வாங்க’ என்று ஒதுங்கிவிடுவார். தங்கும் அறையை இரண்டு நாள் எளிய குடிலாக மாற்றினால், அவரும் கூட வர முடியும்.

வீட்டில் காத்திருப்பவர்கள்

‘யார் யாரு வர்றாங்க? எங்க தங்குறீங்க? எப்போ திரும்புவீங்க?’ என்று அம்மா கேட்டால் சலித்துக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. ஆனால் மீட்புப் பணியாளர் முதலில் கேட்கும் கேள்விகளும் இவையே. நண்பர்களின் பெயர், கைப்பேசி எண், தங்குமிடம், போகும் படகும் திரும்பும் படகும் எவை என்பதை ஒரே செய்தியாக எழுதி, ஒவ்வொருவர் வீட்டிலும் ஒருவருக்கு அனுப்பிவிட்டால் போதும். அங்கே தொடர்பு விட்டுவிட்டுத்தான் கிடைக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஓர் இரவு பதில் வராததற்கே வீடு கலங்கிப்போகும்.

திரும்பும் நாளுக்கும் வேலைக்கோ வகுப்புக்கோ போகும் நாளுக்கும் இடையே ஒரு நாளைக் காலியாக விட வேண்டும். கடல் சீறினால் படகு புறப்படாது. ‘நாளைக்கு முக்கியமான வேலை இருக்கிறது’ என்று படகோட்டியிடம் கெஞ்சி, ஆகாத வானிலையில் சிறு படகில் ஏறியவர் எடுத்த ஆபத்து அந்த ஒரு நாள் விடுப்பைவிட மிகப் பெரியது.

வாட்ஸ்அப் குழு மறுபடியும் மௌனமாகும் முன், சீட்டு எடுப்பவர் யார் என்பதோடு இன்னொரு கேள்வியையும் அதில் போட்டுவிடலாம்: நம்மில் யாருக்கு நீந்தத் தெரியாது?